ஐவர் இசைத்த தட்டு

திருக்கோவலூரில் பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என வழங்குவர். பாரி மறைந்த பின் அவன் மகளிரை உரியவரிடம் ஒப்புவித்துவிட்டுக் கபிலர் உயிர்நீத்த இடம் அது என்பது வழிவழி வரும் செய்தி. அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, கபிலர் அங்கே தீப்புகுந்தார் என்கிறது. சங்க இலக்கிய மரபோ அவர் வடக்கிருந்தார் என்கிறது. ஒரே மனிதரின் முடிவு குறித்து இரண்டு பதிவுகள், இரண்டும் நிலைத்துவிட்டன. பதிவு என்பது நடந்ததன் நிழலே அன்றி, நடந்தது அன்று என்பதற்குக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தார் வேறெங்கும் சான்று தேடிச் செல்ல வேண்டியதில்லை.

அக்கபிலருக்கு ஐங்குறுநூற்றில் கிடைத்த பங்கு ஐந்தில் ஒன்று. மருதத்தை ஓரம்போகியாரும், நெய்தலை அம்மூவனாரும், குறிஞ்சியைக் கபிலரும், பாலையை ஓதலாந்தையாரும், முல்லையைப் பேயனாரும் நூறு நூறாகப் பாடினர். தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர்கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ஐவருள் எவர் பெயரும் நூற்பெயரில் இல்லை. எண்ணும் அடியளவுமே நூலுக்குப் பெயராயின. குறிஞ்சி பாடுவதில் கபிலர் தலைசிறந்தவர் என்பதைப் பழந்தமிழுலகம் அறிந்தே இருந்தது. ஆயினும், 'கபிலரும் நால்வரும்' என்று அந்நூலுக்குப் பெயரிட எவருக்கும் தோன்றவில்லை. இந்தச் சிறு செய்தி, அதனோடு எவ்வகையிலும் தொடர்பில்லாததாகத் தோன்றும் வேறொரு தொகுப்பின் வரலாற்றைப் படிக்கும்போது புதுப்பொருள் பெறுகிறது.

1975ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், லாங் ஐலண்டிலுள்ள சவுத்தாம்ப்டன் கல்லூரியில் ஐவர் அமர்ந்து வாசித்தனர். கிதாரில் ஜான் மெக்லாஃப்லின், வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், மிருதங்கத்தில் இராமநாதபுரம் இராகவன், கடத்தில் விக்கு விநாயகராம். அன்றைய வாசிப்பை அவையோரின் கைதட்டலோடு அப்படியே பதிவு செய்து, 1976இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேர இசைத்தட்டாக வெளியிட்டது. குழுவின் பெயர் 'சக்தி'. அதுவே அக்குழுவின் முதல் தட்டு.

மேனாட்டு ராக் இசையுலகில், தனித்தனியே புகழ் பெற்றவர்கள் ஒன்றுகூடி அமைக்கும் குழுவை 'சூப்பர் குரூப்' என்பர். 1966இல் இலண்டனில் தோன்றிய 'கிரீம்' என்னும் மூவர் குழு அவ்வகைக்கு முன்னோடியாகச் சுட்டப்படுவது. சக்தியையும் அப்பெயரால் அழைப்பவர் உண்டு. ஆனால் யார் கண்ணுக்கு அது பெருங்குழு என்பது கேட்டறிய வேண்டிய ஒன்று. அன்றைய நியூயார்க்கு இரசிகருக்கு ஐவருள் நன்கு அறிமுகமானவர் ஒருவரே. மெக்லாஃப்லின் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் 1942இல் பிறந்தவர். 1969இல் மைல்ஸ் டேவிஸோடு வாசித்தவர். 1971இல் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்ற மின்னிசைக் குழுவைத் தொடங்கி, செவி அதிரும் ஒலிக்குப் பேர் பெற்றவர். அவரோடு வந்த நால்வரையும் தலைமக்கள் என்று அறிந்திருந்தோர் சென்னையிலும் மும்பையிலும் இருந்தனர். மயிலாப்பூர் சபா ஒன்றின் முன்வரிசையிலிருந்து பார்த்தால்தான் அது முழுமையான பெருங்குழு.

அந்நால்வரின் வரலாறுகள் தட்டின் உறையில் அடங்காதவை. சங்கர் 1950இல் சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தந்தை வி. இலட்சுமிநாராயணா அங்கே இசை பயிற்றுவித்த வயலின் ஆசிரியர்; எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும் சங்கரின் தமையன்மார். 1958ஆம் ஆண்டு இலங்கையில் தமிழர்மீது வன்செயல் மூண்டபோது அக்குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னைக்குப் பெயர்ந்தது. அன்று சங்கருக்கு வயது எட்டு. பதினேழு ஆண்டுகள் கழித்து அமெரிக்கக் கல்லூரியொன்றில் அவர் வில்லிழுத்தபோது, அந்த வில்லின் பின்னே ஓர் இடப்பெயர்வு இருந்தது. இசைத்தட்டு விமர்சனங்கள் இதனைப் பெரும்பாலும் பேசுவதில்லை. ஈழத்துப் புலம்பெயர் இலக்கியம் பற்றிப் பேசுவோரும், அதே காலத்தில் புலம்பெயர்ந்த இசையைத் தனியே எண்ணிப் பார்ப்பது அரிது.

விநாயகராம் 1942இல் பிறந்தவர். தந்தை டி. ஆர். அரிகரசர்மாவிடம் பயின்று, பதின்மூன்று வயதிலேயே மேடையேறியவர். 1966ஆம் ஆண்டு அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவையில் எம். எஸ். சுப்புலட்சுமி பாடியபோது கடம் வாசித்தவர் அவரே. கச்சேரி மேடையில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கத்திற்கும் பின்னே நிற்பது. தனியாவர்த்தனத்தில் மிச்சம் விட்ட நேரம் கிடைத்தால் பேசுவது. அந்த மண்பானை, சக்தியில் தபலாவோடும் மிருதங்கத்தோடும் சமமாக அமர்ந்தது. ஐவருள் மூவர் தாளக் கருவியர். அம்மூவரும் எவருக்கும் 'உப' இல்லை. அத்தட்டு செய்த பெரும்புரட்சி இதுவே எனத் துணிந்து கூறலாம். கிழக்கும் மேற்கும் கலந்தன என்று பலரும் பாராட்டுவர். வடக்கும் தெற்கும் கலந்ததும், மேடையின் மேல்வரிசையும் கீழ்வரிசையும் கலந்ததும் அதனினும் அரியவை.

இராமநாதபுரம் இராகவனைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. இராமநாதபுரம் கிருஷ்ணன் என்னும் பெரும்பாடகரின் உடன்பிறந்தவர் அவர். கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தவர். அந்தப் பல்கலைக்கழகமே சக்தியின் உண்மையான பிறப்பிடம் எனல் தகும். மெக்லாஃப்லின் அங்கேதான் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். சிலப்பதிகார இசையை ஆராய்ந்த அதே இராமநாதன்தான். சங்கர் முனைவர் பட்ட ஆய்வு செய்ததும் அங்கேதான். தமிழ்நாட்டு இசையாசிரியர் சிலர் அயலூர் வகுப்பறையில் அமைதியாகச் செய்த பணியின் விளைச்சலே, பின்னர் ஒரு கிதார் வீரரின் புதுமை என்று உலகெங்கும் பேசப்பட்டது. முதல் தட்டிற்குப் பின் இராகவன் குழுவில் தொடரவில்லை. அடுத்து வந்த தட்டுகளில் நால்வரே உள்ளனர். 1978இல் தொடங்கிய கிளீவ்லாந்து தியாகராசர் ஆராதனை விழாவின் தொடக்க வரலாற்றில் அவர் பெயர் மீண்டும் தோன்றுகிறது.

வீணை பயின்றவர் கிதாரை மாற்றியமைத்த விதமும் கருதத்தக்கது. கிதாரின் மெட்டுகள் மரப்பலகையோடு ஒட்டியவை. தந்தியை அழுத்தினால் விரல் மரத்தில் இடிக்கும். வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதால் தந்தியை இழுத்துக் கமகம் எழுப்ப இடம் உண்டு. எனவே சக்திக்கென அவர் செய்வித்த கிதாரில் மெட்டுகளுக்கிடையே மரம் குழிவாகக் கடைந்தெடுக்கப்பட்டது. சுருதித் துணைக்காகக் குறுக்கே ஏழு தந்திகள் கட்டப்பட்டன. யாழ் வளைந்தும் நிமிர்ந்தும் வடிவம் மாறிய கதையைத் தமிழர் அறிவர். கருவி பாட்டுக்கு இசைந்து கொடுத்த கதைகளுள் இது அண்மைக்காலத்தது.

இனி, தட்டின் அமைப்பு. மூன்றே உருப்படிகள். முதல் பக்கத்தில் ஏறத்தாழ பதினெட்டு நிமிட நீளமுள்ள 'ஆனந்தம்' என்னும் பொருள்படும் பெயருடையதும், ஐந்து நிமிடத்திற்குட்பட்ட 'தாமரைப்பாதம்' என்னும் பொருளுடையதும் உள்ளன. மறுபக்கம் முழுவதும் ஒரே உருப்படி, 29 நிமிடம். அதன் பெயரோ, இது எனக்கு எதற்கு, அது எனக்கு எதற்கு, என் இறைவன் திருவடியில் ஆடுகிறேன் என்று நீண்டு, எல்லாம் பேரின்பம் என்பதில் இருமுறை வந்து முடிகிறது. தேவாரம் ஓதிய காதுக்கு அப்பெயர் புதிதாகத் தோன்றாது. நீண்ட இரு உருப்படிகளையும் மெக்லாஃப்லினும் சங்கரும் சேர்ந்து அமைத்தனர். குறுகியதை மெக்லாஃப்லின் தனியே அமைத்தார்.

ஒரு பக்கத்தில் 29 நிமிடம் என்பது தட்டுத் தொழிலறிந்தவரைத் திடுக்கிடச் செய்யும் அளவு. 1948இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய நெடுநேரத் தட்டு நிமிடத்திற்கு 33⅓ முறை சுழல்வது. பக்கத்திற்கு இருபது, இருபத்திரண்டு நிமிடம் என்றால் பள்ளங்கள் தாராளமாக அமையும். நேரம் கூடக்கூடப் பள்ளங்களை நெருக்க வேண்டும். நெருக்கினால் ஒலியளவைத் தாழ்த்த வேண்டும். அதிலும் கீழ்ச்சுருதி ஒலிகள் பள்ளத்தை அகல ஆட்டுபவை. கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்து எழுப்பும் 'கும்' என்ற ஒலிக்கு மற்ற ஒலிகளைவிட மிகுந்த இடம் வேண்டும். கும்காரத்தைத் தட்டில் வெட்டும்போது தாழ்த்தி, கேட்கும்போது கருவி மீண்டும் உயர்த்திக் கொடுக்கும் முறையை அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலார் 1954இல் பொதுவிதியாக்கினர். அம்முறை இல்லையேல் மானாமதுரை மண்ணுக்கு வினைலில் இடம் கிடைத்திராது. ஓலையில் எழுத்தாணி கிழித்துவிடும் என்று அஞ்சிப் புள்ளி வைக்காமல் விட்டனர் அக்கால ஏட்டாளர். எழுதுபொருள் எழுத்தைத் திருத்தும் என்பதற்கு இதுவும் அதுவும் ஒரே இனம்.

இத்தனையும் அடங்கிய அத்தட்டின் முகப்பில் 'ஜான் மெக்லாஃப்லினுடன் சக்தி' என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்பு உள்ளது. ஐவரில் ஒருவர் பெயர் மட்டும் தலைப்பேறியது. விற்பனை கருதிய செயல் இது. நிறுவனத்தாருக்கு வாங்குவோர் அறிந்த பெயர் வேண்டியிருந்தது. இதில் குற்றம் காண்பது எளிது. ஆயினும் சொல்லிலக்கணம் இங்கே குறும்பாகச் சிரிக்கிறது. பலர் சேர்ந்து ஒருவினை செய்யுமிடத்து 'ஒடு' உருபு உயர்ந்தோரைச் சார்ந்து வரும் என்பது தொல்காப்பியர் விதி. ஆசிரியரொடு மாணவர் வந்தனர் என்பதே நேரிது; மாணவரொடு ஆசிரியர் வந்தார் என்பது அன்று. அவ்விதிப்படி பார்த்தால், 'உடன்' என்பதை ஏற்ற பெயரே உயர்ந்த பெயர். ஏனை நால்வரும் உடன் வந்த இளையர். கொலம்பியா நிறுவனத்தார் தொல்காப்பியம் பயின்றிருக்க மாட்டார்கள். பயிலாமலே இலக்கணம் பிழையாது எழுதிவிட்டனர்.

இசைத்தட்டில் பெயர் என்பது தொடக்கந்தொட்டே ஒரு சிக்கல். 1902ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் பதிவு செய்தபோது, பாடகி கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார். பதிவுகள் செருமனியின் ஹானோவர் நகருக்குச் சென்று அங்கே தட்டாக அச்சாயின; மொழியறியாத தொழிலாளர் எந்தத் தட்டில் எந்தப் பெயர்ச்சீட்டை ஒட்டுவது என்று அறிய அப்பெயர்க்கூற்று உதவியது. நடைமுறைக்காகச் செய்தது, கேட்போர் நெஞ்சில் அவருடைய முத்திரையாயிற்று. கீர்த்தனையின் இறுதியடியில் முத்திரை வைத்த இயலிசையாசிரியருக்கும் இந்த நோக்கமே இருந்திருக்க வேண்டும். முத்திரையும் ஏடும் இழந்தோருக்குப் பதிப்பாசிரியரே துணை. செம்புலப்பெயனீரார் என்பது தாய்தந்தையர் இட்ட பெயரன்று. பாட்டின் சொல்லிலிருந்தே தொகுத்தோர் ஒரு பெயரை எடுத்து அவருக்குச் சூட்டினர். பெயர் தெரியாத புலவனை 'உடன்' என்னும் உருபுக்குள் அடக்கிவிடாமல் தனிப்பெயர் தந்து நிறுத்திய பண்பு அது.

வாத்தியக்காரர் மிருதங்கத்திலும் கடத்திலும் முத்திரை வைக்க வழியில்லை. உறையில் அச்சாகும் சிற்றெழுத்தே அவர்களுக்கு முத்திரை. மறுபதிப்பு என்ற வினா இங்கேதான் எழுகிறது.

அண்மை ஆண்டுகளில் மேனாடுகளில் வினைல் தட்டு மறுவாழ்வு பெற்றுள்ளது. ஒலிநாடாவும் குறுந்தகடும் அதனை ஓரங்கட்டிய காலம் போய், 2022இல் அமெரிக்காவில் விற்ற வினைல் தட்டுகளின் எண்ணிக்கை குறுந்தகடுகளினதை விஞ்சியது. ராக் பெருங்குழுக்களின் முதல் தட்டுகள் சிவப்பிலும் நீலத்திலும் பொன்மஞ்சளிலும் புகைபோன்ற கலவை வண்ணங்களிலும் குறைந்த எண்ணிக்கையில் மறுபதிப்பாகி, விரைவில் தீர்ந்தும் போகின்றன. வண்ணம் புதுமையன்று. 1949இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 சுழற்சித் தட்டுகளை வெளியிட்டபோது செவ்விசைக்குச் சிவப்பு, நாட்டுப்புற இசைக்குப் பச்சை, குழந்தைப் பாடல்களுக்கு மஞ்சள் என இசைவகைக்கு ஒரு நிறம் வகுத்தது. திணைக்கு நிலமும் பூவும் வகுத்த தமிழருக்கு இது விந்தையாகத் தோன்றாது. ஆனால் அங்கே நிறம் ஒரு குறிப்புப் பொருளைச் சுமந்தது. இன்றைய வண்ணம் பெரிதும் அலமாரியின் அழகுக்கானது.

வினைல் இயல்பில் கருநிறம் உடையதன்று. வலிமைக்காகவும், மூலப்பொருளின் கலப்படம் தெரியாமலிருக்கவும் கரித்தூள் சேர்ப்பதால் வந்த நிறமே கறுப்பு. நல்ல மூலப்பொருளும் கவனமும் இருப்பின் வண்ணத்தட்டும் நன்றாகவே ஒலிக்கும். ஆகவே வண்ணத்தைப் பழிப்பதற்கு ஒலியைக் காரணம் காட்டுவோரின் வாதம் வலுவற்றது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. உ. வே. சாமிநாதையர் 1903இல் ஐங்குறுநூற்றைப் பழைய உரையுடன் பதிப்பித்தபோது செய்தது தாளும் கட்டடமும் தேடியதன்று. ஏடுகளை ஒப்பிட்டார், பாடவேறுபாடு குறித்தார், பாடியவர், தொகுத்தவர், தொகுப்பித்தவர் இன்னார் எனத் தெளிவுறுத்தினார். 129, 130ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்விடங்களை வேறொன்றால் நிரப்பாமல் வெற்றிடமாகவே விட்டார். அம்மூவனாரின் நெய்தலில் இன்றும் தொண்ணூற்றெட்டே உள்ளன.

வெற்றிடத்தையும் பதிப்பித்தவரின் அளவுகோலைக் கொண்டு, ஒரு வண்ணத்தட்டை எடைபோடுவது மிகையெனச் சிலர் கருதலாம். ஆயினும் மறுபதிப்பு என்ற சொல்லை எடுத்தாளும் எவரும் அதன் கடமையையும் உடன் எடுத்தாள வேண்டும். சக்தியின் முதல் தட்டு பின்னர்க் குறுந்தகடாகவும் மறுவெளியீடு பெற்றது. எந்த வடிவில் வந்தாலும் தலைப்பிலுள்ள அந்த 'உடன்' பழைய இடத்திலேயே இருக்கிறது. அது பழைய பாடம். அதனை மாற்றுவது பதிப்பறமன்று. ஆனால் அடிக்குறிப்பு எழுதத் தடையில்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வந்த சிறுவன், வெஸ்லியனில் கற்பித்த மிருதங்க ஆசிரியர், வீணை சொல்லிக்கொடுத்த இராமநாதன் ஆகியோரைப் பற்றி உறையின் உட்பக்கத்தில் நான்கு பத்திகள் அச்சிட ஆகும் மை, ஒரு தட்டைச் செந்நிறமாக்க ஆகும் சாயத்தைவிட மிகுதியன்று.

தட்டேறிய இசைக்கே இந்நிலை என்றால், தட்டேறாத இசையின் நிலை என்ன? சக்தியின் தட்டு கடைக்கு வந்த அதே 1976ஆம் ஆண்டில்தான் கல்வராயன் மலை, மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையிலிருந்து நீங்கி அரசின் நேர்நிருவாகத்தின்கீழ் வந்தது. கோமுகி ஆறு பிறக்கும் அம்மலையின் மலையாளி மக்கள் திருமணத்திற்கும் விளைச்சலுக்கும் தெய்வத்திற்கும் இறப்பிற்கும் பாட்டு வைத்திருப்பவர்கள். கிராமபோன் கம்பெனிகள் விற்குமென்று எண்ணிய பாட்டையே தேடின. வெள்ளிமலைக்கு ஏறிவர அவற்றுக்குக் காரணம் இல்லை. கபிலர் பாடிய குறிஞ்சிக்கு இவ்வட்டாரத்தில் எஞ்சிய நிலம் அம்மலைதான். அங்குப் பாடும் முதியவளுக்கு நூற்பெயரும் இல்லை, உறையும் இல்லை, 'உடன்' என்ற உருபும் இல்லை. கேட்டு எழுதிக்கொள்வோர் பாட்டை மட்டும் எழுதிப் பாடியவர் பெயரை விட்டுவிடுவதும், 'வாய்மொழிப் பாடல், கல்வராயன் மலை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவதும் ஏடுகளில் காணக்கூடியவை. பதிவு செய்பவர் பெயர் மட்டும் அட்டையில் இருக்கும்.

திருக்கோவலூருக்கு அருகிலுள்ள சம்பையில் 1981இல் தமிழிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்பதே அதன் செய்தி, ஒரே வரி. அந்த ஒரு வரியில் கொடுத்தவன் பெயர் தெளிவாக நின்றதனால், புறநானூற்றுத் தலைவன் கற்பனையல்லன் என்பது உறுதிப்பட்டது. பாறையை வெட்டிய தச்சன் பெயர் அதில் இல்லை.

சக்தி குழு 1977இல் 'இயற்கைக் கூறுகள்' என்ற பொருளுடைய மூன்றாம் தட்டோடு ஓய்ந்தது. 1997இல் வேறு பெயரொட்டோடு மீண்டெழுந்த பின் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், விநாயகராமின் மகன் செல்வகணேஷ், பின்னர்ச் சங்கர் மகாதேவன் ஆகியோர் சேர்ந்தனர். ஸ்ரீநிவாஸ் 2014இல் மறைந்தார். ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 2023இல் வெளிவந்த 'இந்தக் கணம்' என்னும் பொருளுடைய தொகுப்புக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. அதில் செல்வகணேஷும், வயலினில் கணேஷ் இராசகோபாலனும் இருந்தனர். அதே ஆண்டு திசம்பர் 15இல் ஜாகிர் உசேன் மறைந்தார். 2023ஆம் ஆண்டுத் தொகுப்பின் முகப்பில் குழுவின் பெயர் 'சக்தி' என்று மட்டுமே உள்ளது.